வெட்டிய ஒன்பது நிமிடங்கள்

கடைவாய்ப் பல் ஒன்றை அடைத்துக்கொள்ள வந்த இடத்தில்தான் பெனிட்டாவுக்கு இது தெரியவந்தது. தில்லைநகர் பல் மருத்துவமனையின் முன்மேசையில் தன் பெயரையும் வயதையும் சொன்னாள். நாற்பத்தாறு என்று சொல்லி முடிப்பதற்குள், பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்கதானே கரடி மாப்பிள்ளை கதை சொல்றவங்க? இந்தக் குரல எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும்.”

பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருடங்களுக்கு முன்னால் குழந்தைகளுக்கான ஒலிக்கதைகள் நூற்றுக்கு மேல் பதிவு செய்தவள் அவள். அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் பேருந்திலும் துணிக்கடையிலும் இப்படி அடையாளம் கண்டுகொள்வது உண்டு.

“சின்ன வயசுல கேட்டதாம்மா?”

“இல்லக்கா. இப்பத்தான். தினமும் கேக்குறேன்.”

அந்தப் பெண் பேசும்போது உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டாள். கை விலகிய நொடியில் பெனிட்டா பார்த்துவிட்டாள். முன்பற்கள் இரண்டு பாதியாக உடைந்திருந்தன. கீழுதடு வீங்கிக் கறுத்திருந்தது.

“என்னம்மா ஆச்சு?”

“அவர் கொஞ்சம் கோவக்காரர்க்கா.” குரலில் துளி வருத்தம் இல்லை. ஏதோ செல்லமாகக் குறை சொல்வதுபோல் இருந்தது. “ஆனா உள்ளுக்குள்ள ராஜாதான். இன்னும் தோல் உரியல, அவ்வளவுதான். நானும் சீவிக்கிட்டேதான் இருக்கேன்.”

அந்தக் கடைசி வாக்கியம் கதையிலிருந்து வந்தது. பெனிட்டாவின் குரலில், பெனிட்டாவின் இழுவையோடு வந்தது. அவள் குனிந்து பார்த்தாள். அந்தப் பெண்ணின் வலது காதுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் ஒரு கறுப்பு வட்டம் ஒட்டியிருந்தது.

காதுப்பொட்டு. அதைப் பற்றித் தெரியாதவர் திருச்சியில் அந்த வருடம் யாரும் இல்லை. கல்யாணமாகிச் சில ஆண்டுகளில் சலித்துப்போகிற தம்பதிகளுக்கு மறுபடியும் பிரியத்தை உண்டாக்குகிற சாதனம் என்று விளம்பரம் செய்தார்கள். ஆலோசனை மையங்களில், விவாகரத்துக்கு வருகிற ஜோடிகளிடம் ‘முதலில் ஆறு மாதம் பொட்டு வைத்துப் பாருங்கள்’ என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். பெனிட்டா அதை ஏதோ தூக்கத்துக்கு வைக்கிற இசை என்று நினைத்திருந்தாள். அதற்குள் தன் குரல் இருக்கும் என்று நினைக்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ஆதிரை. வயது இருபத்தேழு. உறையூரில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை. பெனிட்டா பல்லை அடைக்காமலேயே எழுந்து வந்துவிட்டாள்.

*

காதுப்பொட்டைத் தயாரிக்கும் ‘இணைமனம்’ நிறுவனத்தின் அலுவலகம் கன்டோன்மென்ட்டில் இருந்தது. மறுநாளே பெனிட்டா அங்கே போய் நின்றாள். சிகிச்சைப் பிரிவின் தலைவர் டாக்டர் சம்யுக்தா அவளை வாசல்வரை வந்து அழைத்துப் போனார். நாற்பது வயதிருக்கும். தணிந்த குரல். இதைக் கேட்க யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல் அலுக்காமல் விளக்கினார்.

“ஒருத்தர் மேல முதன்முதலா பிரியம் வரும்போது மூளையில ஒரு அலை எழும்பும் மேடம். கல்யாணமாகி நாலஞ்சு வருஷத்துல அது அடங்கிடும். ஆனா ஒரு நல்ல ராஜா ராணிக் கதையக் கேட்டா, அதே அலை மறுபடி எழும்புது. அந்த நேரத்துல கணவரோட முகம், குரல், வாசனை எல்லாத்தையும் அந்த அலையோட சேத்துக் கட்டிவிடுறதுதான் பொட்டோட வேலை. நாங்க அதைக் ‘கட்டு’ன்னு சொல்லுவோம்.”

“அதுக்கு ஏன் என் கதை?”

“இருநூறு கதை வச்சுப் பாத்தோம். புதுசா எழுதச் சொல்லியும் பாத்தோம். எதுவும் நிக்கல. மிருகத்துக்கு வாழ்க்கைப்பட்ட பொண்ணு, கடைசியில மிருகம் ராஜாவா மாறுறது... இந்தக் கதை எல்லா ஊர்லயும் ஏதோ ஒரு ரூபத்துல இருக்கு. ஏன்னு எங்களுக்கே முழுசா தெரியாது. ஆனா கட்டுன்னா இந்தக் கட்டுதான். அதுலயும் உங்க குரல்ல.”

“ஆம்பளைங்களுக்கும் வைக்கிறீங்களா?”

சம்யுக்தா சற்றுத் தயங்கினார். “வச்சுப் பாத்தோம். அவங்களுக்குப் பிடிக்கல. கரடி ராஜாவாகுற இடம் வந்ததும் சந்தோஷமா தூங்கிடுறாங்க.”

“நேத்து ஒரு பொண்ணப் பாத்தேன். புருஷன் பல்ல உடைச்சிருக்கான். தோல் இன்னும் உரியலன்னு எங்கிட்ட சிரிக்கிறா.”

“அடிக்கிறாரான்னு படிவத்துல ஒரு கேள்வி இருக்கு மேடம்.”

“பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி கேப்பீங்களா, வச்ச பிறகா?”

சம்யுக்தா மேசைமேல் இருந்த தேநீரைப் பெனிட்டாவின் பக்கம் நகர்த்தினார்.

“நிறுத்துங்க,” என்றாள் பெனிட்டா. “என் குரல எடுத்துடுங்க.”

“பழைய பதிவோட உரிமைய நாங்க விலைக்கு வாங்கிட்டோம், ஒப்பந்தப்படி அது எங்களோடது. அதை நீங்க எடுக்க முடியாது. உண்மையச் சொன்னா, நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன். புதுப் பொட்டுக்கு மூச்சு வரைக்கும் துல்லியமான பதிவு வேணும். எந்திரத்துல செஞ்ச நகல் குரலுக்கு மூளை மசிய மாட்டேங்குது. நீங்க மறுபடி ஒருமுறை...”

பெனிட்டா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை எடுத்து நிமிர்த்தக்கூட அவள் நிற்கவில்லை.

*

பாலக்கரையில் ஜாபரின் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. இருபது வருடங்களுக்கு முன்னால் அந்தக் கதைகளை எல்லாம் பதிவு செய்தவர் அவர்தான். இப்போது அறுபதை நெருங்குகிறார். இணைமனத்துக்கு அவ்வப்போது வேலை செய்துகொடுப்பதாகக் கேள்விப்பட்டு, பெனிட்டா நேராக அங்கே போனாள்.

“ஜாபர் அண்ணே, பொட்டுல ஓடுறது எனக்குக் கேக்கணும்.”

அவர் ஒன்றும் கேட்காமல் ஒலிபெருக்கியைப் போட்டார். பெனிட்டா கண்ணை மூடிக் கேட்டாள். வெள்ளத்திலிருந்து மரவெட்டியைக் கரடி காப்பாற்றுகிறது. பதிலுக்கு அவன் மகளைக் கேட்கிறது. மகள் குகைக்குப் போகிறாள். கரடி உறுமுகிறது. அவள் பொறுமையாக அதன் மயிரைச் சீவிவிடுகிறாள். உறுமுகிறது, சீவுகிறாள். பன்னிரண்டாவது வருடம் தோல் உரிந்து ராஜா எழுந்து நிற்கிறான்.

“இது என் கதை இல்லையே.”

“உன் குரல்தான் பெனிட்டா. ஒரு வார்த்தை கூடச் சேக்கல. முப்பத்தோரு நிமிஷம் இருந்தது. ஒன்பது நிமிஷத்த வெட்டச் சொன்னாங்க. வெட்டினது நான்தான்.”

அவர் பழைய பதிவைப் போட்டார். இருபத்தாறு வயது பெனிட்டா பேசினாள். குகைக்குப் போன முதல் நாளே கரடி தன் வாயில் கவ்விவந்த சாவியை அவள் மடியில் போடுகிறது. ‘இந்தக் கதவுக்கு இது ஒன்றுதான் சாவி. இது உன்னிடம் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் நீ போகலாம்.’ இன்னொரு நாள் கோபத்தில் கரடி கையை ஓங்கிவிடுகிறது. நகம் பட்டு அவள் தோளில் ரத்தம் வருகிறது. அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறாள். வேறு ஊரில் தறி நெய்து மூன்று வருடம் வாழ்கிறாள். கரடி ஆற்றங்கரைப் பாறையில் தினமும் தன் நகங்களைத் தானே தேய்க்கிறது. மூன்றாம் வருடம் ஊர் எல்லையில் வந்து நிற்கிறது. உள்ளே வரவில்லை. வரலாமா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறது. அவள் வந்து அதன் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் கையைப் பார்க்கிறாள். நகம் இல்லை. அதற்குப் பிறகுதான் சீப்பை எடுக்கிறாள்.

ஒலி நின்றது.

“சாவியையும் எடுத்துட்டாங்க. அவ போனதையும் எடுத்துட்டாங்க. அந்தக் கரடி பட்ட பாட்டையும் எடுத்துட்டாங்க. மிச்சம் என்ன இருக்கு? சீப்பும் சீவுறவளும்தான்! எதுக்குண்ணே வெட்டுனாங்க?”

ஜாபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சோதனையில முழுக் கதையத்தான் முதல்ல போட்டாங்க. ஆயிரம் பேருக்கு. நல்ல புருஷன் இருக்கிறவங்களுக்குக் கட்டு இன்னும் இறுகிச்சாம். ஆனா முந்நூத்துச் சொச்சம் பேருக்கு அந்தச் சாவி இடம் வந்ததும் நழுவிடுச்சாம். யார் யாருன்னு பாத்தா, எல்லாம் வீட்டுல அடி வாங்குறவங்க. அந்தப் பட்டியல் டாக்டர் கையில இருக்கு. அடுத்த நாளே எனக்கு வெட்டச் சொல்லி உத்தரவு வந்துச்சு.”

“கதைக்கே தெரிஞ்சிருக்கு,” என்றாள் பெனிட்டா மெதுவாக. “எவன் ராஜா, எவன் வெறும் கரடின்னு கதைக்கே தெரிஞ்சிருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வெட்டியிருக்காங்க.”

முந்தைய நாள் முழுக்க அவள் அந்தக் கதையையே சபித்துக்கொண்டிருந்தாள். பெண்களைப் பொறுத்துப்போகச் சொல்லும் பழங்குப்பை என்று, அதைச் சொன்ன தன் வாயையே நொந்துகொண்டிருந்தாள். இப்போது அந்தக் கோபம் முழுவதும் திசை திரும்பியது.

ஜாபர் தொண்டையைச் செருமினார். “ஒண்ணு செய்யலாம். புதுப் பதிவுக்கு நீ ஒத்துக்கோ. முழுக் கதையும் சொல்லு. நான் சத்தமில்லாம அதையே ஏத்திவிட்டுடறேன். ரெண்டு லட்சம் பொட்டு. ஒரே நாள்ல அடி வாங்குறவங்க கட்டு அத்தனையும் அவிழ்ந்துடும்.”

பெனிட்டாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

“வேண்டாம்ணே. அவங்களைக் கேக்காம அவங்க மண்டைக்குள்ள கைய விட்டாங்கன்னுதானே எனக்கு இவ்வளவு ஆத்திரம். நானும் அதையே செய்யறதா? காலையில எழுந்திரிச்சு, நேத்துவரைக்கும் இருந்த பிரியம் எங்கன்னு தெரியாம ஒருத்தி உக்காந்திருப்பா. அவளுக்கு யார் பதில் சொல்றது?”

*

ஆதிரையின் மதிய உணவு இடைவேளை நாற்பது நிமிடம். கிடங்குக்கு எதிரே இருந்த பூங்காவில், வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். பல்லுக்குத் தற்காலிக மூடி போட்டிருந்தார்கள். அவள் இப்போது வாயை மறைக்காமல் பேசினாள்.

வெட்டிய இடத்தில் என்ன வரும் என்பதைத் தவிர, நடந்ததை எல்லாம் பெனிட்டா சொன்னாள். ஆதிரை கேட்டுக்கொண்டே தயிர்சாதம் சாப்பிட்டாள்.

“பொட்ட எடுக்கச் சொல்றீங்களாக்கா?”

“நான் எதையும் சொல்லல. அது உன் இஷ்டம்.”

“எடுக்க மாட்டேன்.” அவள் டப்பாவை மூடினாள். “எங்க வீட்டுல என்னை யாரும் ஆசையா கூப்பிட்டது இல்ல. அவரும் இல்ல. ஆனா சாயந்தரம் அவர் செருப்பு சத்தம் கேட்டா என் நெஞ்சு பூரிக்குது. அது பொய்யின்னு நீங்க சொல்றீங்க. இருந்துட்டுப் போகட்டுமே. அதையும் புடுங்கிட்டா நான் எதை வச்சுக்கிட்டு இருப்பேன்?”

பெனிட்டாவுக்கு அவளை உலுக்க வேண்டும்போல் இருந்தது. உலுக்கவில்லை.

“ஆதிரை, அந்தக் கதையில நீ கேக்காத ஒன்பது நிமிஷம் இருக்கு. அதுல என்ன வருதுன்னு நான் இன்னும் சொல்லல. கேட்டா உனக்கு அந்தப் பூரிப்பு நழுவிப் போகலாம். போகாமலும் இருக்கலாம். கேக்குறியா, வேண்டாமா? வேண்டாம்னா நான் எழுந்து போயிடறேன். உன்மேல எனக்கு எந்த வருத்தமும் இருக்காது.”

ஆதிரை தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். சாலையில் இரண்டு பேருந்துகள் போயின.

“இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட வேணுமா வேண்டாமான்னு கேட்டதில்லக்கா,” என்றாள். “மையத்துல கூட, ‘திரும்பி உக்காரும்மா’ன்னு சொல்லி ஒட்டிவிட்டாங்க.” பிறகு, “சொல்லுங்க,” என்றாள்.

பெனிட்டா சொன்னாள். ஒலிப்பதிவு அறையில் சொல்வதுபோல் அல்ல, எதிரில் இருப்பவளின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சாவி மடியில் விழுந்த இடத்தில் ஆதிரையின் கை தன் மடியைத் தடவியது. நகம் கீறிய இடத்தில் அவள் மூச்சு நின்று வந்தது. மரவெட்டியின் மகள் கதவைத் திறந்துகொண்டு போன இடத்தில், “போயிட்டாளா?” என்றாள். “போனா கரடி துரத்தலையா?”

“துரத்தல.”

“அம்மா வீட்டுக்கு வந்து கத்தலையா?”

“இல்லம்மா. பாறைக்குப் போச்சு.”

ஆதிரை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கதை முடிந்தபோது இடைவேளை முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு கிடங்குக்குள் போய்விட்டாள். போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

நான்கு நாள் அவளிடமிருந்து தகவலே இல்லை. தான் செய்தது சரியா என்று பெனிட்டா சோறு இறங்காமல் தவித்தாள். ஐந்தாம் நாள் போன் வந்தது. “புத்தூர்ல பெண்கள் விடுதியில சேந்துட்டேன்க்கா. நீங்க எங்கயாவது புகார் குடுக்கிறதா இருந்தா என் பேரையும் எழுதிக்குங்க.”

*

புகார் போய்ச் சேர்ந்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரணைக் குழு அமைய மூன்று மாதமானது. அதற்குள் பெனிட்டா அந்தக் கதையை முழுமையாக, பொட்டு இல்லாமல், கேட்க விரும்பிய பெண்களுக்கெல்லாம் நேரிலேயே சொன்னாள். ஆலோசனை மையங்களின் வாசலில், மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடங்களில், துணிக்கடை ஊழியர்களின் சாப்பாட்டு அறையில். ஒவ்வொரு முறையும், கேட்டால் என்ன ஆகலாம் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினாள். எழுந்து போனவர்கள் உண்டு. திட்டியவர்களும் உண்டு. ஒருத்தி முழுக்கக் கேட்டுவிட்டு, “எங்க வீட்டுக்காரர் முதல் நாளே சாவி குடுத்துட்டாரும்மா,” என்று வெட்கத்தோடு சொல்லிப் போனாள். கட்டுக்கதை வேலை செய்யாது, கண்டிப்பான பேச்சுதான் வேலை செய்யும் என்று நம்பிய பெண்ணியத் தோழிகள், இந்தக் கதைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேர் கண் கலங்குகிறார்கள் என்று பெனிட்டாவிடம் கேட்டார்கள். அவளுக்கு இப்போது பதில் தெரிந்திருந்தது. “ராஜாவுக்காக யாரும் அழலப்பா. நகத்தத் தேச்சுக்கிட்டானே ஒருத்தன், அதுக்குத்தான்.”

விசாரணையில் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஆதிரையைக் கேட்டார். “பொட்டு இன்னும் காதில்தான் இருக்கிறது. எடுத்துவிடலாமே. ஏன் எடுக்கவில்லை?”

“எடுக்கத் தோணல சார்.”

“அப்படியானால் கணவர் மேல் இன்னும் பிரியம் இருக்கிறது?”

“பிரியம் இருக்கு சார். அவர் மேல இல்ல.”

“வேறு யார் மேல்?”

“யார் மேலயும் இல்ல. சும்மா இருக்கு. காலையில பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தா இருக்கு. சம்பளம் வாங்குற அன்னைக்கும் இருக்கு. எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு.”

நீதிபதி சிரித்துவிட்டு, வழக்கறிஞரை உட்காரச் சொன்னார். பிறகு சோதனை அறிக்கையைக் கேட்டார். அப்படி ஒரு பட்டியலே இல்லை என்று வழக்கறிஞர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்வரிசையில் இருந்த டாக்டர் சம்யுக்தா எழுந்து வந்து ஒரு கோப்பினை மேசைமேல் வைத்தார். வழக்கறிஞர் அவர் கையைப் பிடித்து ஏதோ கிசுகிசுத்தார். சம்யுக்தா கையை விடுவித்துக்கொண்டார்.

“இருக்கிறது,” என்றார். “முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.”

கோப்பின் நகல் பெனிட்டாவிடமும் வந்தது. முழுக் கதையைக் கேட்டபோது கட்டு நழுவிய பெண்களின் பட்டியல். பெயருக்குப் பதில் எண், வயது, தொழில், சோதனை நடந்த நாள். பெனிட்டா ஆத்திரத்தோடுதான் பக்கத்தைத் திருப்பினாள். முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால், மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மாதம் முந்தி, தனியாக ஒரு சோதனை. எண் ஒன்று. வயது முப்பத்தைந்து. தொழில், மனநல மருத்துவர். திருமணமாகி எட்டு ஆண்டு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சம்யுக்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலையே குழு இடைக்கால உத்தரவு போட்டது. வெட்டிய கதையை இனி யாருக்கும் போடக்கூடாது. பொட்டு வைத்திருக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும், வெட்டப்பட்டது என்ன என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வேண்டுமா வேண்டாமா என்று முதலில் கேட்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் பெனிட்டாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு மாடிப்படியருகே போனபோது, சம்யுக்தா அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தார்.

“அந்த முதல் ஆள் நீங்கதானே?”

“ஆமா.”

“அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு.”

“சாவி வர்ற இடத்துலயே தெரிஞ்சிடுச்சு.” சம்யுக்தாவின் தணிந்த குரல் இன்னும் தணிந்தது. “அன்னைக்கு சாயந்தரம் வீட்டுக்குப் போகக் கால் வரல மேடம். ஆனா போயாகணும். எனக்குப் போறதுக்கு வேற இடம் தெரியல. அதனால எனக்கு மட்டும் அந்த இடத்தத் தள்ளிட்டு, நானே மறுபடி ஒரு பொட்டு வச்சுக்கிட்டேன். நல்லா கட்டுச்சு. அடுத்த மாசம் சோதனையில நழுவினதும், எனக்கு நல்லா கட்டுச்சேன்னு... மத்தவங்களுக்கும்...”

முடிக்க முடியாமல் நிறுத்தினார். பெனிட்டாவுக்கு அவரை அணைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. உடைந்த இரண்டு பற்கள்தான் கண்முன் நின்றன.

“நீங்க வீட்டுக்குப் போனது எனக்குப் புரியுது டாக்டர்,” என்றாள். “உங்களுக்குத் தனியாப் போக பயம். அதுக்காக ரெண்டு லட்சம் பொண்ணுங்களையும் ஏன் கூடவே அனுப்புனீங்க?”

கீழே வாகனத்தோடு காத்திருந்த சம்யுக்தாவின் கணவர் இரண்டுமுறை ஹாரன் அடித்தார். சம்யுக்தா படியிறங்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.